எளியவரின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு

அவள் பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் நாத்தனார் வாயால். அதுவும் நல்ல விதமாக இல்லை. நாத்தனாருடைய இரண்டாவது மகன், பஸ் ஓட்டுகிறவன், தனக்குப் பெண் பார்த்தாகிவிட்டது, தானே பார்த்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டான். நாத்தனார் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, கொடுத்த டீயைத் தொடாமல், "அண்ணி, அவ பேரு பவுடராம்" என்றாள்.

"பேரே அதுவா?"

"கூப்பிடறது அப்படித்தானாம். டி.வி. நிலையத்துல பேச வர்றவங்க மூஞ்சிக்குப் பவுடர் போடுற வேலையாம். ஆம்பிளைங்க மூஞ்சிக்கும்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை அவள் சொன்ன விதத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் தானாகச் சாத்திக்கொண்டது. முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையை நீட்டினார்.

"எந்த ஆம்பிளைங்க?"

"மந்திரிங்களாம்ண்ணே."

"அப்ப சரி. அந்த மூஞ்சியையெல்லாம் யாராவது மூடித்தானே ஆகணும்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு சண்டை போட முடியாது. அப்படித்தான் பவுடர் எங்கள் குடும்பத்துக்குள் வந்தாள். அவள் புருஷன் கூப்பிடுகிற மாதிரியே அவளும் என்னை அத்தை என்பாள். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சம்பளச் சீட்டில் மட்டும் எழுதுவார்கள்.

அவளுக்கு ஒரு பழக்கம். யாரைப் பார்த்தாலும் முதலில் நெற்றியைப் பார்ப்பாள், பிறகுதான் கண்ணை. எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்தால் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொரு நெற்றியிலும் மெல்லிய காகிதத்தை ஒற்றி எடுப்பாள். என் ஓரகத்தி, பெற்ற மகனையே கன்னத்தைத் தொட விடமாட்டாள், அவளே கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தாள். அந்த மாதிரி கை.

அவள் வேலை பார்த்த நிலையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் தொலைக்காட்சி. அதனால் யார் பக்கமும் சாயக்கூடாது என்று விதி. விதியை மதிக்க அவர்கள் பட்ட பாடு இருக்கிறதே! விவாதத்துக்கு வருகிற இரண்டு பேருக்கும் நாற்காலியின் உயரத்தை டேப் வைத்து அளப்பார்கள். தண்ணீர் டம்ளர் இரண்டிலும் ஒரே கோடு வரைக்கும் தண்ணீர். யார் எத்தனை நொடி பேசினார் என்று கணக்குப் பார்க்க ஒரு ஆள். இவர் இருமினால் அந்த இருமல் யார் நேரத்தில் சேரும் என்று ஒரு முறை அரை நாள் கூட்டம் போட்டிருக்கிறார்கள்.

நிலைய இயக்குநர் ஒல்லியான மனிதர். பேசும்போது தலையைக்கூட ஒரு பக்கம் சாய்க்கமாட்டார், யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது. அவர் அறையில் இரண்டு அலமாரி. ஆளும் கட்சி எழுதும் புகார்க் கடிதங்கள் ஒன்றில், எதிர்க்கட்சிக் கடிதங்கள் இன்னொன்றில். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு கட்டையும் அளந்து பார்ப்பார்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு திட்டினா நாம நடுவுல இருக்கோம்னு அர்த்தம்" என்பார்.

ஒரு வாரம் ஆளும் கட்சிக் கட்டு இரண்டு விரல் குறைந்துவிட்டதாம். மனிதர் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை செய்தியில் அமைச்சர் ஒருவர் பாலம் திறந்ததைக் காட்டாமல் விட்டார்கள். செவ்வாய்க்கிழமை கட்டு சரியாகிவிட்டது, இயக்குநருக்கும் பசி எடுத்துவிட்டது.

பவுடரின் அறை இரண்டாவது மாடியில் கழிப்பறைக்குப் பக்கத்தில். ஒரு பெரிய கண்ணாடி, சுற்றிலும் பன்னிரண்டு பல்பு, முன்னும் பின்னும் சாயும் ஒரு நாற்காலி. எந்த முகத்துக்கு எந்த நம்பர் பவுடர் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பத்தொன்பது வருஷத்தில் நாலு முறை ஆட்சி மாறியது. நோட்டில் நம்பர் மாறவில்லை, வாசலில் யார் காரை முதலில் விடுகிறார்கள் என்பதுதான் மாறியது.

அந்த அறையில் ஒரு சீட்டுக் கட்டும் இருந்தது. மறுப்புச் சீட்டு என்று பெயர். 'எனக்கு ஒப்பனை வேண்டாம் என்று நானே சொன்னேன்' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. எப்போதோ ஒரு பேராசிரியர் பவுடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு தன் வழுக்கை பளபளத்தது நிலையத்தின் சதி என்று வழக்குப் போட்டாராம். அன்றிலிருந்து யார் வேண்டாம் என்றாலும் கையெழுத்து வாங்க வேண்டும், சீட்டைக் கிழித்து நிகழ்ச்சிக் கோப்பில் குத்த வேண்டும். கட்டு அப்படியே தூசி படிந்து கிடந்தது. அரசியல்வாதிகளில் யார் பவுடர் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள்?

ஒருவர் சொன்னார்.

அவரை எல்லோரும் எளியவர் என்பார்கள். எதிர்க்கட்சித் தலைவர். முழங்கையில் ஒட்டுப் போட்ட சட்டைதான் போடுவார். அவர் கட்சிக் கொடியிலேயே அந்த ஒட்டு இருக்கிறது. பவுடருக்குப் பதினேழு வயசில், அவள் தெரு முனையில் ஒரு லாரி மேல் நின்று மழையில் பேசினாராம். யாரோ குடை பிடிக்க வந்தார்கள். "கீழே நிக்கிற ஜனங்களுக்கு இல்லாத குடை எனக்கு எதுக்கு?" என்று தட்டிவிட்டாராம். அந்தக் குடை போனதோடு இவள் மனசும் போய்விட்டது. அவர் படம் வந்த பேப்பர்த் துண்டுகளையெல்லாம் வெட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். கல்யாணமாகி வந்தபோது அவள் பெட்டியில் துணிக்கு மேலே அந்த டப்பாதான் இருந்தது.

அவள் புருஷன், எனக்கு மருமகன் முறை, கேலி செய்வான். "அத்தை, எங்க வீட்டுல ஒரு சாமி தகர டப்பாவுக்குள்ள இருக்கு."

"நீ எவனையுமே நம்பமாட்டே. உனக்கென்ன தெரியும்?" என்பாள் அவள்.

"பஸ்ல நாற்பது சீட்டு. அவன் ஆட்சியிலயும் நாற்பது, இவன் ஆட்சியிலயும் நாற்பது. நிக்கிறவன் நின்னுக்கிட்டுத்தான் வர்றான்."

ஆனால் வேலை என்று வந்தால் அவள் கை ஒரு பக்கமும் சாயாது. ஆளும் கட்சிக்காரர் கன்னத்திலும் அதே ஒற்றல், அதே அளவு. யார் வந்தாலும் புது ஸ்பாஞ்சு. அதில் அவளுக்கு ஒரு கர்வமே உண்டு.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரிய விவாதம் வைத்தார்கள். ஆளும் கட்சி அமைச்சரும் எளியவரும் நேருக்கு நேர். சாயங்காலம் ஏழு மணிக்கு, நாடே பார்க்கும். அமைச்சர் ஐந்து மணிக்கே வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஒரு பூச்சு முடிந்ததும், "இன்னொண்ணு போடும்மா, மூக்குப் பக்கத்துல மச்சம் தெரியுது" என்றாராம். போட்டாள். பிறகு எளியவர் வந்தார். பத்தொன்பது வருஷமாக அவர் எப்போது வந்தாலும் இவளுக்கு வார விடுமுறை. அன்றைக்குத்தான் முதல் தடவை. ஸ்பாஞ்சை எடுத்தாள்.

"வேண்டாம்மா" என்றார். "மக்கள் பார்த்த மூஞ்சி இது. இதுக்குப் பூச்சு எதுக்கு?"

அதே குடைக் குரல். இவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "லைட்டு ரொம்பச் சூடுங்கய்யா, வேர்க்கும்" என்று மட்டும் சொன்னாள். "உழைக்கிறவனுக்கு வேர்க்காம இருக்குமா?" என்றார். சீட்டுக் கட்டை நீட்டினாள். அவர் பேனாவை எடுத்து, மேஜையில் குத்துகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

இங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். சீட்டைக் கிழித்தாள். கோப்பில் குத்தவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் கையெழுத்து! டப்பாவில் அத்தனை படம் இருக்கிறது, கையெழுத்து ஒன்றுகூட இல்லை. சீட்டைக் கேட்டு இதுவரைக்கும் யார் வந்தார்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

விவாதத்தை நாங்களும் பார்த்தோம். எளியவர் குடிதண்ணீரைப் பற்றி நன்றாகத்தான் பேசினார் என்று நினைக்கிறேன். சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் பத்தாவது நிமிஷத்தில் அவர் நெற்றி எண்ணெய்ச் சட்டி மாதிரி பளபளத்தது. பதினைந்தாவது நிமிஷத்தில் வியர்வை கன்னத்தில் இறங்கியது. பிறகு மூக்கு நுனியில் ஒரு சொட்டு வந்து நின்றது. விழவும் இல்லை, போகவும் இல்லை. அவர் ஊழல் என்றால் சொட்டு ஆடுகிறது, வேலையில்லாத் திண்டாட்டம் என்றால் நீளுகிறது. எங்கள் வீட்டில் ஏழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் அமைச்சர் இரண்டு பூச்சோடு, குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி இருந்தார். கடைசியில் சொட்டு விழுந்தபோது என் வீட்டுக்காரர் கை தட்டினார்.

மறுநாள் காலையில் கடைத்தெருவில் ஒரே பேச்சு, எளியவர் திருடிவிட்டு மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி இருந்தார் என்று. மத்தியானத்துக்குள் அவர் கட்சிக்காரர்கள் அறிக்கை விட்டுவிட்டார்கள். நிலையம் ஆளும் கட்சிக்கு விலைபோய்விட்டது, அமைச்சருக்கு இரண்டு பூச்சு, எங்கள் தலைவருக்கு ஒன்றுமில்லை, இது வியர்வைச் சதி! நிலையத்து வாசலில் முந்நூறு பேர் பவுடர் டப்பாவோடு வந்து நின்று, கத்திக் கத்தி ரோட்டில் கொட்டினார்கள். காற்றடித்து எல்லாம் அவர்கள் முகத்திலேயே படிந்தது. ஆளும் கட்சி சும்மா இருக்குமா? 'உண்மை தானாக வழிந்தது' என்று சுவரெங்கும் எழுதிவிட்டது.

இயக்குநர் பவுடரைக் கூப்பிட்டார். "மறுப்புச் சீட்டு எங்கே?"

கோப்பில் இல்லை.

"சீட்டு இருந்தா நிலையம் தப்பிச்சுது. இல்லேன்னா தப்பு உன் தலையில. தேர்தல் முடிஞ்சதும் விசாரணை. வேலை போனா குடியிருப்பும் போகும், தெரியுமில்ல?"

நிலையத்துக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு அவர்களுக்கு. மகள் அங்கிருந்துதான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டுகிற சம்பளத்தில் வெளியே அந்த மாதிரி வீடு கனவில்கூடக் கிடைக்காது.

அன்று சாயங்காலம் நான் போனபோது டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மருமகன் தலைமேல் கை வைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்களே கேளுங்கத்தை. சீட்டு இதோ இருக்கு. கொண்டுபோய்க் குடுத்தா தீந்தது. குடுக்கமாட்டேங்கிறா."

"குடுத்தா அவரு பொய் சொன்னாருன்னு ஆயிடும். தேர்தலுக்கு ஒம்போது நாள்தான் இருக்கு" என்றாள் அவள்.

"பொய்தானே சொன்னாரு!"

"அவரு சொல்லல. கூட இருக்கிறவங்க அவருக்குத் தெரியாம அறிக்கை விட்டிருக்காங்க. அவருகிட்ட சீட்டைக் காட்டினா அவரே மேடையில எந்திரிச்சு உண்மையைச் சொல்லிடுவாரு. குடையைத் தட்டிவிட்ட மனுஷன் அத்தை அவரு."

மருமகன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். மறுநாள் பதினோரு மணிக்கு அவளுக்குத் துணையாக நானும் கட்சி அலுவலகத்துக்குப் போனேன்.

வாசலறையில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒரு கால் உடைந்து கயிறு கட்டின நாற்காலி இருந்தது. 'தலைவர் அமரும் இருக்கை' என்று அட்டை. அதில் தூசி. ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு உதவியாளர் வந்து, சீட்டு விஷயம் என்றதும் எங்களை உள்ளே கூட்டிப்போனார். உள்ளே போனதும் ஜில்லென்றது. எளியவர் தோல் மெத்தை வைத்த நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டு. ஒரு ஆள் குனிந்து அவர் முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தான். கட்சி நடத்துகிற டி.வி.க்குப் பேச்சு எடுக்கப் போகிறார்களாம். பக்கத்தில் இன்னொருத்தன் சட்டை முழங்கையில் ஒட்டைத் தைத்துக்கொண்டிருந்தான். சட்டை புதுசு.

நான் பவுடரைப் பார்த்தேன். அவள் அவர் நெற்றியைப் பார்த்தாள், பிறகு கழுத்தை. "ஐயா, கழுத்துக்கும் போடச் சொல்லுங்க. மூஞ்சி ஒரு கலரு, கழுத்து ஒரு கலரா இருக்கு" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். பவுடர், தான் யார் என்று சொல்லி, சீட்டைக் கையில் கொடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, என் கையெழுத்துதான்! அலுவலகத்துல கேக்கலியா?"

"கேட்டாங்க. நான் குடுக்கலைங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு..."

"உன்னை மாதிரி தொண்டருங்க இருக்கிறதாலதான்மா இந்தக் கட்சி நிக்குது" என்றார். சீட்டை நாலாக மடித்தார். துண்டுக்கு அடியில் கையை விட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். பவுடர்க்காரன் கழுத்துக்கு வந்தான்.

படியில் இறங்கும்போது நான் கேட்டேன். "சீட்டு எங்கடி?"

"வாங்கி வச்சுக்கிட்டாரு."

"திருப்பிக் குடுன்னு கேக்க வேண்டியதுதானே?"

"எப்படித்தை கேக்கிறது? அவரு அவரோட கையெழுத்தைத்தானே வச்சுக்கிட்டாரு."

பஸ் வந்ததும் எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் வாங்கினாள்.

இரண்டு நாள் கழித்து மைதானத்தில் கூட்டம். எளியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பவுடர் போடாம விட்ட அந்தச் சகோதரி என்னைத் தேடி வந்தாங்க. கண்ணீர் விட்டாங்க. 'ஐயா, மேலிடத்துல சொன்னாங்க, செஞ்சுட்டேன், மன்னிச்சுடுங்க'ன்னாங்க. மன்னிச்சுட்டேன்!" என்றார். கூட்டம் கையைத் தட்டித் தீர்த்தது. நாங்கள் அதை அவர்கள் வீட்டு டி.வி.யில் பார்த்தோம். கழுத்தும் முகமும் ஒரே நிறமாக இருந்தது.

என் மருமகன் எதிரே இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்துச் சுவரில் அடித்தான். அவள் போய்த் துடைப்பம் எடுத்து வந்தாள். கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு, பிஸ்கட் டப்பாவை எடுத்து, பேப்பர்த் துண்டுகளையும் அதே முறத்தில் கொட்டினாள்.

அடுத்த நாள் ஆளும் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் பூங்கொத்தோடு மூன்றாம் மாடி ஏறி வந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்கள்.

"எங்க மேடையில ஏறி, அவரே வேண்டாம்னாருன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. உண்மைதானே? உன் வேலைக்கு நாங்க பொறுப்பு."

"உண்மைதான். விசாரணையில கேட்டாச் சொல்றேன்."

"விசாரணை தேர்தலுக்கு அப்புறம்மா. அப்ப சொல்லி எங்களுக்கு என்ன பிரயோசனம்?"

"நான் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பவுடர் போடுறவ. ஒருத்தர் மேடையில ஏறினா நாளைக்கு இன்னொருத்தர் மூஞ்சியை எந்தக் கையால தொடுறது?"

"எளியவரு உன்னைக் கைவிட்டுட்டாரேம்மா!"

"அதுக்காக உங்க கையைப் பிடிக்கணுமா?"

பூங்கொத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். அதில் அமைச்சர் படம் செருகியிருந்தது.

தேர்தல் முடிந்தது. யாருக்கும் போதுமான இடம் கிடைக்கவில்லை. மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். விசாரணை வைத்திருந்த அன்று காலையில்தான் செய்தி வந்தது. அமைச்சர் கட்சியும் எளியவர் கட்சியும் சேர்ந்து ஆட்சி அமைக்கப் போகின்றன. இருவரும் கையைக் கோத்துத் தூக்கி நின்றார்கள். 'நாட்டின் நலனுக்காக' என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள், நொடிக் கணக்கு பார்க்கிற ஆளுக்கு அன்று வேலையே இல்லை. "பஸ்ல நாற்பது சீட்டுதான்" என்றான் என் மருமகன்.

விசாரணை இயக்குநர் அறையில். குழுவில் மூன்று பேர். இந்தக் கட்சிக்கு ஒருவர், அந்தக் கட்சிக்கு ஒருவர், நடுவில் இயக்குநர். அங்கே நடந்ததை அவள் என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறாள், நானும் பல முறை கேட்டிருக்கிறேன்.

போன மாதம் வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அந்த இரண்டு உறுப்பினர்களும் ஒரே பாக்கெட்டில் கைவிட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

"இப்ப எங்களுக்குள்ள பிரச்சினை இல்லம்மா" என்றார் ஒருவர். "எங்க பேர்லயும் தப்பில்ல, அவங்க பேர்லயும் தப்பில்ல."

"ஆனா தப்பு நடந்திருக்கு. நாடே பாத்துச்சு" என்றார் இன்னொருவர்.

"அப்ப மிச்சம் இருக்கிறது யாரு?" என்று இருவரும் இவளைப் பார்த்தார்கள். வேலை நீக்க உத்தரவு தட்டச்சு அடித்து மேஜையிலேயே இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

அவள் நடந்ததைச் சொன்னாள். சீட்டு வாங்கினேன், ஆசைப்பட்டு வீட்டுக்கு எடுத்துப்போனேன், அவரிடமே கொடுத்துவிட்டேன்.

"நீ மன்னிப்புக் கேட்டதா அவரு சொல்றாரு. நீ சீட்டுக் குடுத்தேன்கிறே. எதை நம்புறது? சாட்சி இருக்கா?"

"எங்க அத்தை கூட வந்தாங்க."

"சொந்தக்காரங்க சாட்சி செல்லாது."

அப்போதுதான் அவளுக்கு அந்த அழுத்தின பேனா ஞாபகம் வந்ததாம். "என் அறையிலிருந்து மறுப்புச் சீட்டுக் கட்டைக் கொண்டுவரச் சொல்லுங்க" என்றாள். கொண்டுவந்தார்கள். எளியவருக்குப் பிறகு அந்தக் கட்டை யாரும் தொடவில்லை, அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொன்ன ஆள் யாரும் இல்லை. மேல் சீட்டு வெறுமையாக இருந்தது. அவள் கைப்பையிலிருந்து புருவத்துக்குத் தீட்டுகிற பென்சிலை எடுத்தாள். நுனியைச் சாய்த்துப் பிடித்து, குழந்தைக்கு மை வைக்கிற மாதிரி, காகிதத்தின் மேல் மெதுவாக, மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனாள். காகிதம் கறுத்தது. கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கோடு வந்தது. அப்புறம் ஒரு சுழி. அப்புறம் நாடே சுவரொட்டியில் பார்த்த அந்தக் கையெழுத்து முழுசாக எழுந்து நின்றது. கீழே அவர் போட்ட தேதியும் இருந்தது.

பிஸ்கட் பாக்கெட்டில் போன இரண்டு கையும் அங்கேயே நின்றுவிட்டன.

"இதைக் கிழிச்சுடலாம்" என்றார் ஒருவர்.

"கிழிச்சா நல்லது" என்றார் இன்னொருவர். அதிலும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

இயக்குநர் கை நீட்டிக் கட்டை எடுத்துக்கொண்டார். "இது நிலையத்தோட சொத்து" என்றார். எழுந்துபோய்த் தன் இரண்டு அலமாரிக்கும் முன்னால் நின்றார். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கொஞ்ச நேரம் தெரியாமல் நின்றுவிட்டு, மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அப்போது அவர் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது என்று பவுடர் சொல்வாள். எந்தப் பக்கம் என்று கேட்டால், "என் பக்கம்" என்பாள்.

சாவி அவர் பையில் இருக்கும்போது அந்த உத்தரவில் கையெழுத்துப் போட அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அது நடுநிலை நிலையம் இல்லையா? தீர்ப்பும் நடுவில்தான் வந்தது. ஒப்பனை விஷயத்தில் இவள் பேரில் தப்பில்லை. அலுவலகக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது தப்பு. அதனால் வேலை உண்டு, குடியிருப்பு உண்டு, ஒப்பனை அறை கிடையாது. வாசலுக்கு மாற்றம். பாதிக் குற்றவாளி என்று ஒரு புது வகையை அன்றைக்குக் கண்டுபிடித்தார்கள். வெளியே அறிக்கை எதுவும் விடவில்லை, ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் அவளை வியர்வைச் சதிக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாத்தனார் கேட்டதும் குதித்தாள். "பத்தொம்போது வருஷம் மந்திரிங்க மூஞ்சியைத் தொட்ட கை. இப்ப வாசல்ல உக்காந்து சீட்டு எழுதுறதா?" ஆம்பிளைங்க மூஞ்சி என்று டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். நான் ஞாபகப்படுத்தவில்லை.

போன வருஷம் எளியவர் நிலையத்துக்கு வந்தார். இப்போது அவர் ஒளிபரப்புத் துறை அமைச்சர். நிலையமே அவருக்குக் கீழேதான். விதி விதிதான், யார் வந்தாலும் வாசலில் நுழைவுச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பவுடர், கண்ணாடித் தடுப்பின் சந்து வழியாகச் சீட்டுக் கட்டை நீட்டினாள். நடுவில் கார்பன் வைத்த கட்டு.

"அழுத்திப் போடுங்கய்யா. கீழே விழணும்."

அவர் அழுத்திப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே அவளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

"உன்னை எங்கயோ பாத்திருக்கேனேம்மா. நம்ம கட்சியா?"

அவள் வழக்கம்போல முதலில் நெற்றியைப் பார்த்தாள். பவுடர் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். நம்பர் தப்பு.

"இல்லீங்க. நான் வாசல்" என்றாள். மேல் சீட்டைக் கிழித்து அவரிடம் கொடுத்தாள். கீழ்ச் சீட்டு கட்டிலேயே இருந்தது.

இப்போதும் அவள் அங்கேதான் இருக்கிறாள். நிலையத்து முன்வாசலில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், காலை எட்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறாள். வீடு அதே மூன்றாம் மாடி. பிஸ்கட் டப்பாவில் ஊசி நூல் வைத்திருக்கிறாள். ஓய்வு பெற இன்னும் பதினாலு வருஷம் நாலு மாசம் இருக்கிறது.